பேர் வெட்டிய சட்டி

உட்கார இடம் கிடைத்ததே பெரிய விஷயம், அதுவும் ஜன்னலோரம், ஆனால் மடியில் இருக்கிற இதை எப்படி வைத்துக்கொள்வது என்றுதான் தெரியவில்லை, கவிழ்த்து வைத்தால் எழுத்து மேலே வந்துவிடுகிறது, மஞ்சப்பைத் துணி மெல்லிசு, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பூக்காரம்மா படித்துவிடுவாளோ என்று இருக்கிறது, நிமிர்த்தி வைத்தால் எழுத்து என் தொடையில் அழுந்துகிறது, புடவையைத் தாண்டி ஒவ்வொன்றாகத் தெரிகிறது, சௌ, புள்ளி, ம, து, வ, ந், தி. என் மகள் பேர்தான். ஊரான் வீட்டுச் சட்டியின் அடியில் போய் உட்கார்ந்திருக்கிறது. டிரைவர் இன்னும் டீக்கடையில் நிற்கிறார், பெரியார் பஸ் ஸ்டாண்டே அவருக்காகக் காத்திருக்கிற மாதிரி நிதானமாக ஊதி ஊதிக் குடிக்கிறார், குடிக்கட்டும், இந்த வண்டி கிளம்பாமலே இருந்தாலும் நல்லதுதான், கிளம்பினால் திருநகர் வந்துவிடும், திருநகர் வந்தால் வீடு வந்துவிடும், வீட்டுக்கு எமல்டா வந்துவிடுவாள். வத்தலக்குண்டு தாண்டிவிட்டேன் அக்கா என்று அப்போதே போன் பண்ணிவிட்டாள். கொடைக்கானலிலிருந்து இதற்காகவே வருகிறாள், தன் சட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போக. எங்கள் வீட்டுக் கூடத்தில் வைத்து, என் கண் முன்னால், என் வீட்டுக்காரர் அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்: "ஒரு கீறல் விழாம உங்க கையில திருப்பித் தருவேன்மா, இது என் பொறுப்பு." சௌந்தரபாண்டியன் வாக்கு. மின்வாரிய ஆபீசில் வேலை பார்த்த காலமெல்லாம் அடுத்தவர் வாங்கிக் கொடுத்த டீயைக்கூடத் தொடாத மனுஷன். கீறலாம் கீறல், ஆறு எழுத்தும் ஒரு புள்ளியும் உளியால் வெட்டி வைத்திருக்கிறேன்.

யார் மேல் தப்பு என்று பார்க்கக் கூடாது, பார்த்து என்ன ஆகப்போகிறது, இருந்தாலும் மனசு அங்கேதான் போய் நிற்கிறது. மதுவந்திக்கு அடுத்த மாதம் கல்யாணம், சீர்ப் பாத்திரமெல்லாம் வாங்கியாகிவிட்டது, பேர் வெட்டுவது மட்டும்தான் பாக்கி. பேர் வெட்டாத பாத்திரத்தை எங்கள் பக்கம் பாத்திரமாகவே மதிப்பதில்லை, என் அம்மா வீட்டில் காபி வடிகட்டிக்குக்கூடப் பேர் உண்டு, பந்தியில் கலந்துபோனாலும் பக்கத்து வீட்டுக்குக் குழம்போடு போனாலும் பேர்தான் அதைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வரும். காலையில் ஆட்டோ பிடித்து அண்டா, தவலை, குடம், தாம்பாளம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு சிக்கந்தர் பாயிடம் இறக்கினேன், அவர் பாத்திரக்கடை வாசலில் உட்கார்ந்து பேர் வெட்டுகிறவர், என் கல்யாணப் பாத்திரத்துக்கு வெட்டியது அவருடைய வாப்பா. "எல்லாத்துலயும் ஒரே பேருதானம்மா?" "ஒரே பேருதான் பாய், ஒண்ணு விடாம வெட்டிருங்க." ஒண்ணு விடாம! இந்த வாயைத் தைக்க வேண்டும். சொல்லிவிட்டு நான் மஞ்சள் கிழங்கு பார்க்கப் போய்விட்டேன், கிழங்கில் வண்டு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், அந்த நேரத்தில்தான் அங்கே டக் டக்கென்று வெட்டிக்கொண்டிருந்திருக்கிறார். திரும்பி வந்தால் உளியைத் துடைத்துக்கொண்டே சொல்கிறார், "இதுல மிஷின் ஏறலம்மா, நல்ல கெட்டி இரும்பு, உளி வச்சுத்தான் வெட்டுனேன். ஏற்கெனவே இங்கிலீஷ்ல யாரு பேரோ இருந்துச்சு, தேச்சு எடுத்துரலாமான்னு பாத்தேன், சரி கெடக்கட்டும்னு நேர் கீழ வெட்டிட்டேன்." அது யாரோ பேர் இல்லை பாய், அது சீமைக் கம்பெனியின் பேரு, மேலே மான்தலை முத்திரை, அதைப் பார்க்கத்தான் ஊர் ஊராக ஆட்கள் ஏங்குகிறார்கள் என்று நான் எப்படிச் சொல்ல. எமல்டா சட்டி எப்படி அங்கே வந்தது? வேலைக்காரி செல்லத்தாயி புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்துவிடுவாளோ என்று பயந்து, என் வீட்டுக்காரரே பழைய வேட்டியில் சுற்றிப் புது அண்டாவுக்குள் ஒளித்து வைத்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேட்டிச் சுருணையை நானும் பார்த்தேன், பாத்திரம் இடிபடாமல் இருக்க நான்தான் திணித்தேன் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மற்றதையெல்லாம் பாயிடமே போட்டுவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறேன், ஆட்டோவுக்கு நிற்கக்கூடத் தோன்றவில்லை, திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி வாயைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

வண்டி கிளம்பிவிட்டது. கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு மடியைப் பார்க்கிறார், என்னம்மா தோசைக்கல்லா என்கிறார், ஆமாம் என்கிறேன், தோசைக்கல்லாகவே இருந்திருக்கக் கூடாதா. தோசைக்கல்லில் யார் பேரை வெட்டினாலும் தோசை வரும். ஆனால் இந்த மனுஷனுக்கு ரிட்டையர் ஆனதும் பிடித்த பித்து இது, தபால்தலை, பழைய காசு என்று மற்றவர்கள் சேர்க்கிற மாதிரி இவர் இரும்புச் சட்டி சேர்க்கிறார், கைப்பிடியோடு சேர்த்து வார்த்த பழைய காலத்துச் சட்டி, அவர் ஸ்கில்லெட் என்பார், நான் பிடிச்சட்டி என்பேன், கூடத்துச் சுவர் முழுக்க வரிசையாகத் தொங்குகிறது, ஒன்றிலாவது ஒரு நாளாவது கடுகு வெடித்ததில்லை. அவர் போனில் பேசப் பேசக் கேட்டு எனக்கே பாடம் ஆகிவிட்டது. பழசாக இருந்தால் மட்டும் போதாது, பழசு தெருவுக்குத் தெரு கிடக்கிறது, ஊரெல்லாம் வாங்கின அளவு என்றால் நூறு வயசானாலும் சீந்த மாட்டார்கள், கொஞ்சமாக வார்த்த அளவு என்றால் உள்ளங்கைச் சட்டிக்குக்கூட அடித்துக்கொள்வார்கள். கண்ணாடி மேல் வைத்தால் ஆடக் கூடாது, ஆடினால் எப்போதோ யாரோ வெறும் சட்டியை அடுப்பில் விட்டுவிட்டுப் போய் அடி வளைந்துவிட்டது என்று அர்த்தம். துரு இருந்தால் பரவாயில்லை, எடுத்துவிடலாம், துரு தின்ற குழியை எடுக்க முடியாது. முத்திரை கூர்மையாக இருக்க வேண்டும், மழுங்கியிருந்தால் பழசை அச்செடுத்து வார்த்த போலி. மூடி கூடப் பிறந்த மூடியாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, வார்த்து முடித்த பிறகு மனுஷன் கை அதில் எதையும் செய்திருக்கக் கூடாது, பட்டறையில் கொடுத்துத் தேய்க்கக் கூடாது, பற்றவைக்கக் கூடாது, மாட்டுவதற்கு ஓட்டை போடக் கூடாது. "வார்த்தவன் எப்படி விட்டானோ அப்படியே இருக்கணும் கயலு, அதுக்குத்தான் மதிப்பு." அப்படியே இருக்கிறது என்று உலகத்தில் எது இருக்கிறது, என்னையே எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாய் வரும், சொன்னதில்லை. பேர் வெட்டக் கூடாது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை, அதுதான் வேடிக்கை. அப்படி ஒருத்தி செய்வாள் என்று அவருக்குத் தோன்றியிருக்காது, அந்தச் சட்டி செய்கிற சீமைக்காரனுக்கும் தோன்றியிருக்காது.

எமல்டா வந்த அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஒரு மப்ளரில் சுற்றிக் கொண்டுவந்தாள். கொடைக்கானலில் ஸ்கூல் டீச்சர், அவள் அப்பா சவரிமுத்து ஒரு வெள்ளைக்கார துரையின் பங்களாவில் சமையல்காரராக இருந்தவர், துரை சீமைக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனது இந்தச் சட்டி. அப்பா போன பிறகு பரணில் கிடந்ததாம், இது என்ன ஏது என்று தெரிந்தால் நல்லது சார் என்று கேட்டாள். இவர் கண்ணாடி மேல் வைத்தார், ஆடவில்லை. லென்ஸை வைத்துப் பார்த்தார், குழி இல்லை. கவிழ்த்தார், மான்தலையின் கொம்பு கிளை கிளையாகத் தெரிந்தது. பிறகு விரல் முட்டியால் தட்டினார், கோயில் மணி மாதிரி இழுத்துக்கொண்டு நின்றது சத்தம். இவருக்குக் கண் கலங்கிவிட்டது, மதுவந்தி பிறந்தபோதுகூட இவ்வளவு கலங்கவில்லை. "இத்தன வருஷம் அடுப்புல இருந்துருக்கு, ஒரு கீறல் இல்லம்மா. எப்படிம்மா வச்சிருந்தாரு உங்கப்பா?" என்று கேட்டார். எமல்டா சிரித்துக்கொண்டே மப்ளரை மடித்தாள். இங்கேயே கொஞ்ச நாள் இருக்கட்டும், அளவு பார்த்து, வயசு கண்டுபிடித்துச் சொல்கிறேன் என்று இவர்தான் கெஞ்சி வாங்கி வைத்துக்கொண்டார். கெஞ்சாமல் இருந்திருக்கலாம்.

தட்டியது ஞாபகம் வந்ததும் இன்னொரு பயம் பிடித்துக்கொண்டது, இது வரைக்கும் எப்படித் தோன்றாமல் போனது. வார்ப்பிரும்பு கண்ணாடி மாதிரி, கை தவறிப் போட்டால் வளையாது, தெறித்துவிடும் என்பார். உளியை வைத்து அடித்திருக்கிறார் பாய், ஆறு எழுத்து, ஒரு எழுத்துக்கு எத்தனை அடி, மயிரிழை அளவு விரிசல் விட்டிருந்தால் கண்ணுக்குத் தெரியாது, தட்டினால்தான் தெரியும், விரிசல் விட்ட சட்டி மணி மாதிரி ஒலிக்காது, தொப்பென்று செத்த சத்தம் வரும். பைக்குள் கையை விட்டுத் தட்டிப் பார்த்தேன். பழங்காநத்தம் பாலத்தடியில் அத்தனை ஹாரனும் ஒன்றாக அடிக்கிறது, ஒன்றும் கேட்கவில்லை. வெளியே எடுத்துக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிக் காதோரம் வைத்துத் தட்டினேன், பூக்காரம்மா திரும்பிப் பார்த்தாள், "என்னாத்தா, தேங்காயா வாங்கியிருக்க, தட்டிப் பாக்குற" என்றாள், முன்சீட்டில் யாரோ சிரித்தார்கள், சத்தம் ஒலித்ததா செத்ததா என்று பிடிபடவில்லை, ஒலித்த மாதிரியும் இருந்தது, என்ஜின் சத்தமாகவும் இருக்கலாம். மறுபடி தட்டப் பயம். தட்டித் தட்டியே இல்லாத விரிசலை உண்டாக்கிவிடுவேனோ. பைக்குள் வைத்துவிட்டேன், கை சும்மா இருக்கவில்லை, எழுத்தைத் தேடித் தேடித் தடவுகிறது, பாய் நன்றாகத்தான் வெட்டியிருக்கிறார், வ-வின் சுழியும் தி-யின் கொக்கியும் அவ்வளவு அழகு, அழகாக இருப்பதே எரிச்சலாக இருக்கிறது.

போன் அடிக்கிறது. அவர்தான். எடுக்காவிட்டால் சந்தேகம் வரும், எடுத்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். "எங்க இருக்க கயலு? அண்டாவக் காணோமே?" பேர் வெட்டக் கொடுத்திருக்கிறேன் என்றேன். "அய்யய்யோ, அதுக்குள்ளதான எமல்டாம்மா சட்டி…" "அத நான் எடுத்துட்டேங்க, எங்கிட்டத்தான் இருக்கு." பொய் இல்லை, என்னிடம்தான் இருக்கிறது. அவர் மூச்சு விட்டது எனக்கு இங்கே கேட்டது. "நல்ல வேள. தண்ணி படாமப் பாத்துக்க. நேத்து படத்த எங்க குரூப்புல போட்டேன், அத்தன பேரும் வாயப் பொளந்துட்டாய்ங்க. பாண்டியன் சார் பாத்துச் சொன்னாச் சரிதான்ங்கிறாய்ங்க." சந்தோஷமாக இருக்கிறார். நான் வைத்துவிட்டேன். குரூப்பா, அது வேறு இருக்கிறதா, கோயம்புத்தூர் ஆள், பெங்களூர் ஆள், ஊட்டி ஆள், அத்தனை பேரும் நாளைக்கு, பாண்டியன் சார் வீட்டில் கொடுத்தால் பாத்திரக்கடைப் பேரோடு திரும்பி வரும் என்று சொல்வார்கள். இனி யாரும் இவர் கையில் ஒரு கரண்டியைக்கூட நம்பிக் கொடுக்க மாட்டார்கள். ஆபீஸை விட்டு வந்த பிறகு இந்த மனுஷனுக்கு இருக்கிற ஒரே மரியாதை இது, நான் என்ன கேலி பண்ணினாலும் எனக்கு அது தெரியும்.

அரத்தால் தேய்த்து எடுத்துவிடலாமா, பசுமலையில் இறங்கினால் லேத் பட்டறை இருக்கிறது, பையன்கள் நிமிஷத்தில் வழித்துவிடுவார்கள், ஆனால் தேய்த்த சட்டிதான் இருப்பதிலேயே கேவலம், பேரோடு மான்தலையும் போய்விடும். எண்ணெய் தடவித் தடவிச் சுட்டால் கறுப்பேறி எழுத்து மூடிக்கொள்ளும், அது ஏமாற்று வேலை, இவர் விரல் வைத்ததும் கண்டுபிடித்துவிடுவார். தொலைந்துபோய்விட்டது என்று சொல்லிவிட்டால்? இதோ இந்தச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு இறங்கினால் ஆயிற்று, கண்டக்டர் எடுத்துக்கொண்டு போய்த் தோசை சுடட்டும், ஆனால் பேர் இருக்கிறதே, பாத்திரம் எங்கே போனாலும் பேர் திருப்பிக் கூட்டிக்கொண்டு வரும் என்று நான்தானே சொன்னேன். அதுவும் என் மகள் பேர். கல்யாணத்துக்கு முன்னால் அவள் பேர் அடுத்தவள் சொத்தில் ஏறியிருக்கிறது, இது சகுனமா, என்ன சகுனம், நல்லதா கெட்டதா, யாரிடம் கேட்பது, கேட்டால் சம்பந்தி வீடு வரை போய்விடும். இவர் திட்டினால்கூடத் தாங்கிக்கொள்வேன். திட்ட மாட்டார். பேச்சை நிறுத்திவிடுவார். ஒரு தடவை அவர் வைத்திருந்த சட்டியை அழுக்கு என்று நினைத்து நான் தேய்த்துவிட்டதற்கு ஒரு மழைக்காலம் முழுக்க என்னிடம் பேசவில்லை, தட்டில் சோறு போட்டால் போதும் என்பதற்குக்கூடக் கையைத்தான் காட்டினார். கல்யாண வீட்டில் அப்படி ஒருத்தர் ஊமையாக உட்கார்ந்திருந்தால் நான் எங்கே போவேன். திருப்பரங்குன்றம் கோபுரம் தெரிந்தது, முருகா என்று கும்பிட்டேன், சட்டிக்காக முருகனைக் கூப்பிடுகிறேனே என்று வெட்கமாகவும் இருந்தது, வெட்கப்பட நேரமில்லை, அடுத்தது திருநகர்.

வாசலில் எமல்டாவின் செருப்பு கிடக்கிறது. பஸ்ஸில் வந்தபோது என்னென்னவோ சொல்வதற்கு ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன், ஆட்டோக்காரன், சிக்கந்தர் பாய், பழைய வேட்டி எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். "வாங்கக்கா, இப்பத்தான் வந்தேன்" என்று அவள் எழுந்து நின்று சிரித்ததும் அத்தனையும் மறந்துபோய்விட்டது. "எமல்டா, நான் தெரியாம உன் சட்டியில எம் பொண்ணு பேர வெட்டிட்டேன்" என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு அழுதுவிட்டேன். அவர் எழுந்து வந்து பையை வாங்கினார். கவிழ்த்துப் பார்த்தார். பிறகு கைப்பிடியில் தூக்கி விரல் முட்டியால் ஒரு தட்டு, டங் என்று நீண்டு நின்றது. "விரிசல் இல்ல" என்றார், அவர் குரலாகவே இல்லை. "ஆனா மதிப்பு போச்சும்மா. எவ்வளவு அருமையான சட்டி. என் வாக்கும் போச்சு. இந்தச் செவுத்துல இருக்கிறதுல எது வேணும்னாலும் எடுத்துக்கங்க. எல்லாம்னாலும் சரி." அவர் சொன்னால் சொன்னதுதான், சுவரை வெறுமையாக்கிக் கொடுத்துவிடுவார்.

எமல்டா சுவரைப் பார்க்கவே இல்லை. சட்டியை வாங்கி மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு எழுத்தைக் கட்டைவிரலால் தடவினாள். சுழி, கொக்கி, புள்ளி என்று மெதுவாகப் போனாள். "மதுவந்தி" என்று படித்தாள். "நல்ல பேருக்கா."

"உங்கப்பா அவ்வளவு பத்திரமா வச்சிருந்தாரு" என்றார் அவர். "ஒரு கீறல் போடாம."

"பத்திரம் இல்ல சார், பயம்" என்றாள் எமல்டா. "உம் பேர வெட்டிக்கய்யான்னு எங்கம்மா சாகுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்துச்சு. அப்பா விடல. தொர குடுத்ததுக்கு யாரு சாட்சி, நாளைக்கு எவனாச்சும் வந்து பங்களாச் சட்டிய எடும்பான், பேரு இருந்தா திருடிட்டேன்னு ஆயிரும், இல்லாட்டி கழுவிக் குடுத்துட்டு வந்துரலாம்னு சொல்லும். அப்படியே நாப்பது வருசம் இதுலதான் எங்களுக்குப் பொங்கிப் போட்டுச்சு. யாரும் வந்து கேக்கல சார். எங்கப்பா பேரு இதுல இல்லாமலே போயிருச்சு."

இத்தனை தூரம் எதை எதையோ நினைத்துப் பயந்துகொண்டு வந்தேன், இதை நினைக்கவே இல்லை. அவள் அப்பா பேர் இருக்க வேண்டிய இடத்தில் என் மகள் பேர் இருக்கிறது. அவள் காலில் விழலாம் போல இருந்தது, ஆனால் அவள் என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, மடியிலிருந்த சட்டியைக் காட்டினாள்.

"இதுல இன்னும் எடம் இருக்காக்கா?"

நான் விரலை வைத்துக் காட்டினேன், மதுவந்திக்குக் கீழே, விளிம்புக்கு உள்ளே தள்ளி. "இருக்கும்மா. சவரிமுத்துன்னு தாராளமா விழும்."

அவர் வாயைத் திறந்தார். இன்னொரு தரம் உளி வைத்தால் என்ன ஆகும் என்று எங்கள் இரண்டு பேரையும் விட அவருக்கு நன்றாகத் தெரியும். எமல்டாவைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார், உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

"பாய்கிட்ட மெதுவா அடிக்கச் சொல்லணும்" என்றார்.